வன்னி வளவுக்கு வீட்டு இன்டர்நெட்: காசு கட்ட முதல் பார்க்க வேண்டியவை

ஒருவழியாக முல்லைத்தீவு ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு வளவில் 4ஜி றூட்டர் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ரவுணில் றூட்டரை வாங்கி மேசையில் வைத்தால் அலுவல் முடிந்தது. இங்கே அதைச் சுற்றி வாங்குகிற சாமானுக்கும் பஸ்ஸுக்கும்தான் காசு அதிகம் போகும்.

கடையில் கேட்டால் வரைபடத்தைத் திறந்து, "உங்கட இடம் கவரேஜுக்குள்ளதான் இருக்கு" என்பார்கள். வரைபடத்தில் பூசியிருக்கிற நிறம் வெட்டவெளிக்குப் போட்ட கணக்கு. சுற்றிவரப் பாலையும் முதிரையும் நிற்கிற வளவில், தகரக் கூரைக்குக் கீழே என்ன வரும் என்று அது சொல்லாது.

போனில் நாலு கோடு நிற்கிறதே என்றும் நம்ப வேண்டாம். போன் சிம் 900, 1800 மெகாஹேர்ட்ஸ் என்று எந்த அலைவரிசையிலும் ஏறும். வீட்டு இணைப்பு சிம்மைச் சில நிறுவனங்கள் 2300 இல் மட்டும் விடுகின்றன. 900 காடு தாண்டி வரும். 2300 இலை குழைக்குள்ளேயே தேய்ந்துவிடும், மழையில் இலை நனைந்தால் இன்னும் மோசம். இதை விசாரித்தபோது கவுண்டரில் இருந்தவருக்குக் கேள்வியே பிடிபடவில்லை. "றூட்டரை ஜன்னலடியில வைச்சுப் பாருங்கோ அண்ணை" என்பதுதான் பதில். பெட்டி உடைத்த பிறகு திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். ஆகவே அதே நிறுவனத்தின் வீட்டு இணைப்பு அயலில் யாரிடமாவது இருந்தால், அந்த றூட்டரைக் கொண்டுவந்து உங்கள் வளவில் போட்டுப் பாருங்கள். தூரத்துச் சொந்தக்காரரின் றூட்டர் உதவாமல் போகலாம். சில சிம்கள் பதிந்த ரவரை விட்டு வேறெங்கும் வேலை செய்யா.

றூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஆர்.எஸ்.ஆர்.பி., அதாவது சிக்னலின் பலம், -95 அல்லது அதைவிட நல்லதாக இருந்தால் அன்ரெனா தேவையில்லை. -110 க்குக் கீழே போனால் அன்ரெனாவை வெளியே ஏற்றாமல் சரிவராது. எஸ்.ஐ.என்.ஆர்., அதாவது இரைச்சலோடு பார்க்கச் சிக்னல் எவ்வளவு தெளிவு என்பது, 10 க்கு மேல் நிற்க வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே என்றால் கோடு எத்தனை காட்டினாலும் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

விண்ணப்பத்தை ஒன்லைனில் போடலாமாம். இன்டர்நெட் எடுக்க இன்டர்நெட் வேண்டும்! நேரே போனால் விலாச அத்தாட்சியில் மாட்டும். இங்கே பாதிப்பேருக்கு உறுதி இல்லாத பேமிட் காணி, கரண்ட் பில்லும் செத்துப்போன பாட்டனாரின் பெயரில். விதானையாரின் (கிராம அலுவலரின்) வதிவிடச் சான்றிதழ் போதும் என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன பிறகு பிரதேச செயலாளரின் மேலொப்பம் இல்லை என்று திருப்பினார்கள். விதானையார் கந்தோரில் இருக்கும் நாளைக் கேட்டு, அன்றே பிரதேச செயலகத்திலும் ஒப்பம் வாங்கிக்கொண்டு ரவுணுக்கு வெளிக்கிடுங்கள்.

அன்ரெனாவில் ஏமாறுகிற இடம் வயர். மலிவான ஆர்.ஜி. 58 வயரை 10 மீற்றர் இழுத்தால் 1800 இல் ஏறத்தாழ 7 டெசிபெல் சிக்னல் வழியிலேயே போய்விடும். சிக்னலை 9 டெசிபெல் கூட்டுகிற அன்ரெனா வாங்கி மிஞ்சுவது 2. எல்.எம்.ஆர். 400 வயரில் அதே தூரத்துக்கு இழப்பு 2 அளவுதான், ஆனால் விலை கடிக்கும். அதைவிட, வெளியில் பூட்டுகிற வகை றூட்டரையே பைப்பில் ஏற்றி, லான் வயரிலேயே கரண்டையும் அனுப்புவது நல்லது. லான் வயர் 100 மீற்றர் வரை தாங்கும். வெயிலுக்கு வெடிக்காத வெளிப்பாவனை வயராகக் கேட்டு வாங்குங்கள்.

20 அடி ஜி.ஐ. பைப் போதும், ஆனால் தென்னோலை மறைக்காத இடத்தில் நிற்க வேண்டும். ரவர் பக்கம் திருப்பும்போது கொஞ்சம் திருப்பி, ஒரு நிமிடம் பொறுத்து, எண்ணைப் பார்த்து, பிறகு மற்றத் திருப்பு. அவசரப்பட்டால் பழைய எண்ணைப் பார்த்து ஏமாறுவீர்கள். பைப்புக்கு எர்த் அடியுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால், கரண்ட் பிளக்கோடு லான் வயரையும் கழற்ற வேண்டும். பிளக்கை மட்டும் கழற்றி றூட்டரைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கின்றன.

2024 இல் உலகின் நகரத்தவரில் 83 வீதமும் கிராமத்தவரில் 48 வீதமும் இணையம் பாவிப்பதாகச் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் கணக்குச் சொன்னது. அந்த 48 க்குள் சேர எங்கள் பக்கத்தில் பைப்பும் எர்த் கம்பியும் கூட வாங்க வேண்டியிருக்கிறது.

பக்கேஜ் எடுக்கும்போது இரவு டேற்றாவைக் கூட்டிச் சொல்லுகிற ஜிபியைப் பார்க்காதீர்கள்; பிள்ளைகளின் வகுப்புக்குப் பகல் டேற்றாதான் உதவும். எண்கள் நல்லாயிருந்தும் இரவு 7 மணிக்குப் பிறகு இழுபட்டால், அது பல ஊர் ஒரே ரவரில் தொங்குவதால் வரும் நெருக்கம். எந்த அன்ரெனாவும் அதைத் தீர்க்காது. நிறுவனத்துக்கு முறைப்பாடு கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் தாமாகத் தரமாட்டார்கள். அதற்கும் அசையாவிட்டால், அந்த இலக்கத்தோடு 1900 க்கு எடுத்துத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் சொல்லலாம்.