ரேக்கின் பின்பக்கம்

"சார், அந்தப் பெட்டி மூணு நாளா ரொம்பக் கத்துது."

இரவுக் காவலில் இருந்த அண்ணன்தான் முதலில் சொன்னார். இரண்டு சர்வர்களுக்கும் பொதுவாக, டிஸ்க்குகள் அடுக்கிய ஒரே ஸ்டோரேஜ் பெட்டி வைத்திருந்தோம். கண்காணிப்புத் திரையில் இரண்டு சர்வரும் பச்சை.

இதையெல்லாம் அடுக்கியிருக்கும் ரேக்கின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பெட்டியின் இரண்டு பவர் சப்ளைகளில் ஒன்றில் ஆரஞ்சு விளக்கு. கையை வைத்தால் காற்றே வரவில்லை. பக்கத்திலிருந்த ஃபேன் அதன் பங்கையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம்தான் அண்ணன் காதில் விழுந்திருக்கிறது. வரும் சனிக்கிழமை யுபிஎஸ் பராமரிப்புக்காக ஒரு லைனை நிறுத்துவதாக இருந்தோம். உயிரோடிருந்த பவர் சப்ளை அந்த லைனில்தான் இருந்தது. நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

சர்வர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் சூட்டை, தங்கள் ஃபேனை, தங்கள் மின்சாரத்தைத்தான் அவை பார்த்தன. பெட்டி இரண்டுக்கும் பொது என்பதால் அது எதன் கணக்கிலும் வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றைத் தூர்வார ஆள் இருக்காது, அப்படித்தான். எல்லாம் இரண்டிரண்டாக இருந்ததால் ஒன்று செத்தும் வேலை நிற்கவில்லை, அதனால் யாரும் தேடவும் இல்லை.

பெட்டியையே கேட்க வழி இருக்கிறது. எஸ்இஎஸ் (SES, இத்தகைய பெட்டிகள் தங்கள் நிலையைச் சொல்வதற்கான முறை) என்ற தரநிலைப்படி அது தன் ஃபேன், பவர் சப்ளை, வெப்பநிலை எல்லாவற்றின் நிலையையும் சர்வருக்கு டேட்டா போகும் அதே சாஸ் (SAS) கேபிளில் சொல்லும். லினக்ஸில் எஸ்ஜி_எஸ்இஎஸ் (sg_ses) கட்டளை போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு, பழுது இருந்தால் போனுக்கு அலர்ட் அனுப்பும்படி ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் எழுதினேன்.

புது பவர் சப்ளை வந்ததும் பழையதைக் கழற்றிவிட்டு அலர்ட் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை! ஸ்கிரிப்ட் 'கிரிட்டிக்கல்' என்ற சொல்லை மட்டுமே தேடியது. பெட்டியோ 'பொருத்தப்படவில்லை' என்று சொல்லியிருந்தது. அதற்கெல்லாம் அலர்ட் வைக்கலாமா என்றால், காலியான டிஸ்க் இடங்களும் அதையேதான் சொல்லும். கடைசியில் எந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி அதோடு ஒப்பிட வைத்தேன். அப்புறம், இரண்டு சர்வரும் கேட்கும், ஆனால் பெட்டியின் அடையாள எண்ணை வைத்து ஒரே அலர்ட்தான் வரும். 15 நிமிடம் இரண்டிலிருந்தும் பதில் இல்லையென்றால் அதுவும் அலர்ட்.

டிஸ்க் விஷயத்தில், டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே சொல்லும் ஸ்மார்ட் (SMART) எண்களை மட்டும் நம்புவதில்லை. கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல் எந்த ஸ்மார்ட் அறிகுறியும் காட்டவில்லை, வெப்பநிலையைக் கணக்கில் எடுக்காவிட்டால். அதே ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது காணும் பிழை) வந்த டிஸ்க் 60 நாளுக்குள் போய்விடும் வாய்ப்பு, அந்தப் பிழை வராத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம். அதனால் ஒரு பிழை வந்தாலே மாற்றிவிடுகிறேன். கழற்றும் முன் அந்த இடத்தின் விளக்கை மின்னவைத்து, சீரியல் எண்ணையும் பார்த்துக்கொள்வேன். பக்கத்து டிஸ்க்கை உருவிவிட்டால் கதை முடிந்தது.

காவல்கார அண்ணனிடம் என் எண் இருக்கிறது. சத்தம் மாறினால் எந்நேரமும் கூப்பிடுங்கள் அண்ணே என்று சொல்லியிருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு, எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். போன முறை நான்காவது நிமிடத்தில் அடித்தது.