மர ஸ்டாக்கில் பைபாட் ரெயில் பொருத்திய அனுபவம்

என்னுடையது பிசிபி ஏர் ரைபிள், அதாவது சிலிண்டரில் முன்கூட்டியே அடைத்த அழுத்தக் காற்றால் சுடுவது. ஸ்டாக், அதாவது பிடிக்கும் கட்டை, பீச் மரம். ரைபிளைத் தாங்கும் இரட்டைக் காலான பைபாட் மாட்ட அதில் வழியே இல்லை. ஸ்டாக்கின் அடியில் ஒரு சின்ன அலுமினிய ரெயில் வைத்துவிட்டால் பைபாட், தோளில் மாட்டும் ஸ்லிங் இரண்டுக்கும் ஆகும் என்று வேலையில் இறங்கினேன். குறுக்கே பள்ளங்கள் வெட்டிய பிகாட்டினி வகை ரெயிலைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பள்ளம் 5.23 மி.மீ. அகலம், வீவர் என்கிற இன்னொரு வகையில் 4.57 தான். அதனால் வீவருக்கான பொருள்கள் பெரும்பாலும் பிகாட்டினியில் உட்காரும், மறுபக்கம் அப்படி இல்லை.

முதலில் சிலிண்டரின் காற்றை முழுக்க வெளியேற்றி, பேரலில் பெல்லட் (குண்டு) இல்லை என்று பார்த்து, பேரலும் சிலிண்டரும் சேர்ந்த ஆக்‌ஷனைக் கழற்றித் தனியே வைத்தேன். 200 பார் காற்றைத் தாங்குகிற சிலிண்டர் உள்ளே இருக்கும்போது ஸ்டாக்கில் ட்ரில் வைக்கவே கூடாது.

மரத் திருகு எனக்கு வேண்டாம். பைபாடை ஊன்றி ரைபிளை முன்னால் தள்ளிப் பிடிக்கும்போது விழுகிற இழுவையில் அது நாளடைவில் தளர்ந்துவிடும். ஸ்டாக்கின் உள்பக்கம் டி-நட் (தட்டோடு கூடிய நட்) பதித்து, வெளியிலிருந்து எம்5 (5 மி.மீ.) போல்ட் போடுவதுதான் உறுதி. ஆனால் நட்டோ போல்ட் முனையோ சிலிண்டரைத் தொட்டால் சிலிண்டரில் கீறல் விழும், குறியும் மாறும். உள்ளே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அறிய, சிலிண்டர் உட்காரும் பள்ளத்தில் பொம்மை செய்யும் களிமண்ணைக் கொஞ்சம் வைத்து, ஆக்‌ஷனை மாட்டி முறுக்கி, மறுபடி கழற்றினேன். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் அந்த இடைவெளி. இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது.

அடிப்பக்கம் வளைவாக இருந்ததால், ரெயில் உட்காரும் அளவுக்கு மட்டும் கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கினேன். மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு ஓரத்திலிருந்தும் அளந்து நடுக்கோடு போட்டேன். மெல்லிய துளை முதலில். அதையே மையமாக வைத்து உள்பக்கம் டி-நட்டின் தட்டு மறையும் அளவுக்கு அகலக் குழி. கடைசியில்தான் முழுத் துளை. இந்த வரிசையை மாற்றினால் அகல பிட்டுக்குப் பிடிமானம் கிடைக்காது. போல்ட் நீளமாக இருந்தது, முனையை அறுத்து அரம் போட்டேன்.

தேய்த்த இடத்துக்கு ஆளி விதை எண்ணெய் தடவினேன். அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய விடுங்கள்.

பேரலை மடக்குகிற ஸ்பிரிங் ரைபிளில் இதை அப்படியே செய்ய முடியாது. ஸ்பிரிங்கை அழுத்தும் காக்கிங் கை ஸ்டாக்கின் அடிப் பள்ளத்தில்தான் ஓடும், நடுவில் மரமே இருக்காது.

எல்லாம் மாட்டியபின், பைபாடோடு சுட்டால் குறி கொஞ்சம் நகர்ந்தது. கடினமான மேசையில் ஒரு மாதிரி, மடித்த போர்வையின் மேல் வேறு மாதிரி. போர்வையின் மேல்தான் பெல்லட்டுகள் நெருக்கமாக விழுந்தன, ஸ்கோப்பின் குறியை அதற்கே பொருந்தும்படி ஜீரோ செய்துகொண்டேன். அப்புறம் போல்ட்டுகளை ஒருமுறை சரிபார்த்தேன், எதுவும் தளரவில்லை.