தேங்காய் மட்டையில் மான்கொம்புப் பெரணி: சென்னை பால்கனியில் வளர்த்துப் பார்த்த அனுபவம்

மான்கொம்புப் பெரணியை ஸ்டாக்ஹார்ன் ஃபெர்ன் என்று கேட்டால் நம் ஊர் நர்சரிகளில் கிடைப்பது பெரும்பாலும் பிளாட்டிசீரியம் பைஃபர்கேட்டம் என்ற இனம்தான். பிளாட்டிசீரியம் பேரினத்தில் ஏறக்குறைய 18 இனங்கள் உள்ளன. அவற்றுள் மணிப்பூரில் இயற்கையாக வளரும் வாலிச்சி இனம் வறண்ட மாதங்களில் இலையைச் சுருட்டிக்கொண்டு ஓய்வெடுக்கும் இயல்புடையது. வீட்டில் வைத்துக் காப்பது கடினம். ஆனால் கிழக்கு ஆஸ்திரேலியாவையும் நியூகினியையும் தாயகமாகக் கொண்ட பைஃபர்கேட்டம் வெயிலையும் ஓரளவு வறட்சியையும் தாங்கக்கூடியது என்பதால், சென்னையில் கிழக்கு பார்த்த ஒரு பால்கனிச் சுவருக்கு அதையே தேர்ந்தெடுத்தேன்.

நர்சரியில் அது சிறிய பிளாஸ்டிக் தொட்டியில், தென்னை நார்த்தூளில் நட்டு வைக்கப்பட்டிருந்தது. இது மரக்கிளைகளிலும் பாறைகளிலும் ஒட்டி வாழும் தொற்றுத் தாவரம். தொட்டியில் நீண்ட காலம் இருந்தால், நடுவிலுள்ள வளர்முனையைச் சுற்றி ஈரம் தேங்கி அழுகல் வந்துவிடும். ஆகவே சூடு சற்றுத் தணிந்த ஆடி மாதத்தில் அதைப் பலகைக்கு மாற்றினேன். மரவாடியில் கிடைத்த பலாப் பலகைத் துண்டு இதற்குப் போதுமானது. ப்ளைவுட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொடர்ந்து நனைந்தால் அதன் அடுக்குகள் பிரிந்துவிடும்.

வேர்ப்பிடிப்புக்கு ஸ்பாக்னம் பாசியையே பலரும் பயன்படுத்துகிறார்கள். நம் வெயிலில் அது விரைவில் காய்கிறது, விலையும் அதிகம். அதற்குப் பதிலாகத் தேங்காய் உரிமட்டைத் துண்டுகளைப் பலகையில் ஒரு உள்ளங்கை கனத்துக்கு அடுக்கி, இடைவெளிகளில் மட்டும் சிறிது பாசியைச் செருகினேன். உரிமட்டையை அப்படியே பயன்படுத்தக்கூடாது. அதில் உப்பும், சாயம்போல் இறங்கும் துவர்ப்புப் பொருளும் இருப்பதால், ஊறவைத்த தண்ணீர் தேநீர் நிறத்தில் வடிவது நிற்கும் வரை தண்ணீரை மாற்றி மாற்றி ஊறப்போட வேண்டும். செடியை அதன்மேல் வைத்து, தூண்டிலுக்குப் பயன்படும் நைலான் நரம்பால், அடியில் வட்டமாக ஒட்டிப் படரும் பழைய கவச இலைகளின் மேலாக இழுத்துக் கட்டினேன். செம்புக் கம்பி பெரணிகளுக்கு ஆகாது என்பதால் அதைத் தவிர்த்தேன். எப்படிக் கட்டினாலும் நடுவிலுள்ள வளர்முனை மட்டையாலோ பாசியாலோ மூடப்படாமல் வெளியே தெரிய வேண்டும்.

இந்தச் செடியில் இருவகை இலைகள் உண்டு. கிளைத்துத் தொங்கும் கொம்பு இலைகளையே எல்லோரும் பார்த்து வியக்கிறோம். ஆனால் செடியின் உயிர் இருப்பது பலகையோடு ஒட்டிப் படர்கிற வட்டமான கவச இலைகளில்தான் என்பது வளர்க்க வளர்க்கத் தெளிவாகிறது. பலகையில் கட்டிய பிறகு வந்த முதல் கவச இலையைத் தினமும் கவனித்தேன். வெள்ளி பூசியதுபோல் மெல்லிய துய்யுடன் நாணய அளவில் தொடங்கிய அது, விளிம்பில் மட்டும் வெளிறிய, ஏறத்தாழ ஒளி ஊடுருவும் ஒரு பட்டையாக வெளிநோக்கி நகர்ந்தது. உரிமட்டையின் மேடு பள்ளங்களுக்கு ஏற்ப வளைந்து படிந்தது. நைலான் நரம்பை எட்டியபோது நிற்காமல் அதை மூடிக்கொண்டு மேலேறிச் சென்றது. இப்போது அந்த நரம்பு இருந்த இடமே தெரியவில்லை. விரிந்து முடிந்த இலை சில மாதங்கள் பச்சையாக இருந்து, பிறகு இலை நரம்புகள் கருத்துத் துலங்க, கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பேறிக் காகிதம்போல் ஆனது.

புதிதாக வளர்ப்பவர்கள் பலர் பதறுவது இந்த இடத்தில்தான். காய்ந்த இலை என்று எண்ணி அதைப் பிய்த்தெடுத்துவிடுகிறார்கள். அவ்வாறு செய்வது செடியின் வேர்களை வெயிலில் திறந்து வைப்பதற்குச் சமம். அடுக்கடுக்காகப் படியும் பழைய கவச இலைகளே தண்ணீரைப் பிடித்து வைக்கும் மெத்தை. அவை மெல்ல மக்கும்போது வேர்களுக்கு ஊட்டமும் கிடைக்கிறது. வேர்களை வெப்பத்திலிருந்து மறைப்பவையும் அவையே. தனக்கு வேண்டிய தொட்டியைத் தானே கட்டிக்கொள்ளும் இத்தகைய ஒரு செடியின் உழைப்பை நாம் கலைக்காமல் இருப்பதே முதல் பராமரிப்பு என்று உறுதியாக நம்புகிறேன்.

தண்ணீர் ஊற்றும் முறையும் இதிலிருந்தே பிறக்கிறது. கொம்பு இலைகளின் மேல் தெளிப்பதால் பெரிய பயன் இல்லை. கவசத்தின் பின்னாலுள்ள மட்டையும் வேர்களும் முழுதும் நனைய வேண்டும். பலகையைக் கழற்றி வாளித் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் சாய்த்து வைத்து, சொட்டுவது நின்ற பின் மாட்டுகிறேன். அடுத்து எப்போது நனைப்பது என்பதைப் பலகையின் எடையே சொல்கிறது. நனைந்த பலகையையும் காய்ந்த பலகையையும் ஓரிரு முறை தூக்கிப் பார்த்தால் கைக்கு வேறுபாடு பழகிவிடும். இந்தப் பழக்கம் மிக முக்கியம். ஏனெனில் தண்ணீர் போதாமல் போனாலும் கொம்பு இலைகள் துவளும், தண்ணீர் மிகுந்து வேர் அழுகினாலும் அவ்வாறே துவளும். பலகை கனமாக இருந்தும் இலை துவண்டிருந்தால் மேலும் தண்ணீர் விடக்கூடாது.

எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பானது. அதை ஊற்றிய தொட்டிச் செடிகளின் மண்ணில் வெள்ளைப் படிவம் படிவதைப் பார்த்திருப்பதால், இந்தச் செடிக்கு மழைநீரையும், அது தீர்ந்தால் ஓர் இரவு திறந்து வைத்த குடிநீர்க் குழாய்த் தண்ணீரையும் பயன்படுத்துகிறேன். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு நீரில் உப்பு செறிந்திருக்கும் என்பதால் அது இதற்கு ஏற்றதல்ல.

கோடைதான் உண்மையான சோதனை. அக்னி நட்சத்திர நாட்களில், பிற்பகல் கடல்காற்று வந்து சேரும் வரை வீசுகிற உலர்ந்த மேல்காற்று, வெயிலைவிட அதிகத் தீங்கு செய்கிறது. பச்சை நிழல் வலையைப் பால்கனியின் திறந்த பக்கத்தில் இரட்டையாகக் கட்டி, காலை இளவெயில் மட்டும் படும்படி செய்தேன். பலகையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் நனைத்தேன். அந்தக் காலத்தில் புதிய கொம்பு இலை எதுவும் வரவில்லை. பழைய இலைகளின் நுனிகள் மட்டும் சற்றுக் கருகின. கவசம் அசையாமல் இருந்தது. இலைகளின் மேலுள்ள வெண்துய், நட்சத்திர வடிவ நுண்மயிர்களால் ஆனது. நீரிழப்பைக் குறைப்பது அதுவே. தூசி என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தால் அது திரும்ப வராது.

மழைக்காலத்தின் சிக்கல் நேர் எதிரானது. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில் தொடர்ந்து நனைந்த ஒரு வாரத்துக்குப் பின், பச்சைக் கவச இலையின் கீழ்ப்பகுதியில் ஒழுங்கற்ற கரும்புள்ளிகள் தோன்றின. ரைசக்டோனியா என்ற பூஞ்சை இச்செடியில் இவ்வாறே தொடங்கி வளர்முனை வரை பரவக்கூடும். பலகையை உடனே சன்ஷேடுக்கு அடியில், காற்று ஓடும் இடத்துக்கு மாற்றி, மட்டை நன்றாகக் காயும் வரை தண்ணீரை நிறுத்தியதில் புள்ளிகள் அந்த அளவிலேயே நின்றுவிட்டன. மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

உரத்தைப் பொறுத்தவரை, கவசத்தின் பின்னால் வாழைப்பழத் தோலைச் செருகுவது பரவலான பழக்கம். நம் ஊர் வெப்பத்தில் அது எறும்பையும் பழ ஈயையும் வரவழைப்பதோடு, ஈரம் மிகுந்து அழுகலுக்கும் வழி செய்யும் என்பதால் நான் அதை ஏற்பதில்லை. தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, தண்ணீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராமுக்கு மிகாமல் கரைத்து, செடி வளர்கிற மாதங்களில் மாதம் ஒருமுறை அதில் பலகையை நனைக்கிறேன்.

முதிர்ந்த கொம்பு இலைகளின் நுனியில், அடிப்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் வெல்வெட்டுத் துணிபோல் ஒரு திட்டு தோன்றியது. அது நோயல்ல, பெரணி இனம்பெருக்கும் நுண்துகள்களான ஸ்போர்கள் உருவாகும் இடம். செதில் பூச்சியும் பழுப்பாகவே இருப்பதால் குழப்பம் வரலாம். ஸ்போர்த் திட்டு நுனியின் அடிப்புறத்தில் மட்டும் சீராகப் படர்ந்திருக்கும். செதில் பூச்சி நடுநரம்பை ஒட்டித் தனித்தனிப் புடைப்பாக அமர்ந்து, நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வரும். அவ்வாறு வந்தவற்றை மென்மையான தூரிகையால் ஒவ்வொன்றாக அகற்றினேன். வேப்பெண்ணெயைத் தெளிக்கவில்லை, எண்ணெய்ப் பசை வெண்துய்யில் படிந்துவிடும்.

இப்போது கவசத்தின் ஓரங்களில் பக்கக் கன்றுகள் எட்டிப் பார்க்கின்றன. அவற்றைப் பிரித்துத் தருமாறு நண்பர்கள் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் லார்டு ஹோவ் தீவில் இதே இனத்தின் கூட்டங்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்று, கூட்டத்தின் மேற்பகுதியிலுள்ள செடிகள் மழைநீரை நடுவுக்கு வழியச் செய்வதையும், கீழேயுள்ளவற்றின் கவச இலைகள் அதிக நீரை உறிஞ்சி வைப்பதையும் விவரிக்கிறது. சேர்ந்திருப்பதில் இத்தகைய பயன் இருக்கும்போது, சென்னைக் கோடைக்கு முன் அவற்றைப் பிரிப்பது நியாயமாகத் தோன்றவில்லை. நன்றாகப் பெருத்து, தனக்கென ஒரு கவச இலையும் வேரும் கொண்ட ஒரே ஒரு கன்றை மட்டும் ஆடியில் எடுத்துத் தரலாம் என்றிருக்கிறேன். தாய்ச்செடியின் கவசம் பலகையின் விளிம்பைத் தொட்டுவிட்டதால், செடியைப் பெயர்க்காமல் பழைய பலகையையே இன்னும் பெரிய பலாப் பலகையொன்றில் திருகாணியால் பொருத்தி, சுற்றியுள்ள இடத்தை ஊறிய உரிமட்டையால் நிரப்பும் வேலையையும் அப்போதே முடித்துவிட வேண்டும். மழை தொடங்கும்முன் அடுத்த கவச இலை புதிய மட்டையின்மேல் படிந்துவிட அந்தக் கால இடைவெளி போதும்.