கேஷ் ஐசாவை மாற்றிய கதை

சீட்டில் ஒருமுறை சூடு பட்டவன் நான். லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு வந்த புதிதில் இருபது பேர் சேர்ந்து போட்ட சீட்டு. என் முறை வந்த மாதத்தில் நடத்தியவர் ஊரிலேயே இல்லை. அதற்கப்புறம் வங்கியைத் தவிர வேறெங்கும் காசு போட்டதில்லை. வட்டிக்கு வரி கிடையாது என்பதால் கேஷ் ஐசா என்ற பிரிட்டன் சேமிப்புக் கணக்கில், ஆண்டு வரம்பான 20,000 பவுண்டுக்குள் முடிந்ததைப் போட்டு வந்தேன்.

2025 பிப்ரவரியில் கூட்டிப் பார்த்தேன். ஒரு வங்கியில் 61,000, இன்னொன்றில் 29,000. வங்கி மூழ்கினால் எஃப்எஸ்சிஎஸ் என்ற காப்பீட்டுத் திட்டம் திருப்பித் தருவது அப்போது 85,000 வரை. இரண்டு வங்கி ஆயிற்றே என்று நிம்மதியாக இருந்தேன். கூட வேலை பார்க்கும் குஜராத்திக்காரர்தான் கேட்டார்: "ரெண்டும் ஒரே லைசென்ஸா என்று பார்த்தீர்களா?"

பெயர் எத்தனை இருந்தாலும் ஒரு லைசென்ஸுக்கு ஒரே வரம்புதானாம். பார்த்தேன். ஒரே லைசென்ஸ்! பலகையில் பெயர் வேறு, நிறம் வேறு, கார்டு வேறு. உள்ளே ஒரே வீடு. ஹாலிஃபாக்ஸும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் இப்படித்தான், எச்எஸ்பிசியும் ஃபர்ஸ்ட் டைரக்டும் இப்படித்தான். ஆனால் ஹாலிஃபாக்ஸின் அதே குழுமத்தில் இருக்கும் லாய்ட்ஸுக்குத் தனி லைசென்ஸ். இதை யார் கண்டார்கள்? ஆக, என் 90,000-இல் 5,000-க்கு எந்தக் காப்பும் இல்லை.

சரி, 29,000-ஐ நகர்த்துவோம் என்று தேடினேன். வட்டி அதிகம் தந்தது ஒரு செயலி. "என் பணம் எந்த வங்கியில் இருக்கும்?" என்று சாட்டில் கேட்டேன். சில கூட்டாளி வங்கிகளின் பெயர்கள் வந்தன. அதில் ஒன்று என் பழைய வங்கியேதான்! சுற்றிச் சுற்றி அதே லைசென்ஸில் போய் நிற்கும்.

அடுத்து ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம். மற்றவர்கள் நாலரையை ஒட்டித் தரும்போது இவர்கள் 7.1 சதவீதம். படிவம் நிரப்பிய பத்தாவது நிமிடம் போன். பேச்சு அவ்வளவு மரியாதை. நிறுவனப் பதிவு எண் கேட்டதும் தயங்காமல் சொன்னார். நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்சிஏவின் பதிவேட்டில் தட்டினால் எண்ணும் சரி, பெயரும் சரி. தொலைபேசி எண் மட்டும் வேறு. பதிவேட்டில் இருந்த எண்ணுக்கு நானே அழைத்தேன். எடுத்த பெண் சலிப்போடு சொன்னார், "நாங்கள் ஐசாவே நடத்துவதில்லை. இந்த வாரம் நீங்கள் நாலாவது ஆள்." அசல் நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் எடுத்துப் போட்டுக்கொண்டு யாரோ வியாபாரம் நடத்துகிறார்கள்.

கடைசியில் தனி லைசென்ஸ் உள்ள ஒரு பில்டிங் சொசைட்டி, அதாவது உறுப்பினர்களுக்கே சொந்தமான, வங்கி போன்ற நிறுவனம். செயலியைவிட 0.3 சதவீதம் குறைவு. மனைவி கேட்டாள், "அது வருடத்துக்கு எவ்வளவு?" 87 பவுண்ட். "அவ்வளவுதானே, போடுங்கள்."

மாற்றுவதில் ஒன்று முக்கியம். பணத்தை நாமே எடுத்துப் புதிய இடத்தில் கட்டக் கூடாது. எடுத்தால் வரிவிலக்கு போய்விடும்; திரும்ப உள்ளே போட ஆண்டுக்கு அந்த 20,000-தான். புதிய இடத்தில் டிரான்ஸ்ஃபர் படிவம் கொடுத்தால் அவர்களே பழைய வங்கியிடம் வாங்கிக்கொள்வார்கள். கேஷ் ஐசாவிலிருந்து கேஷ் ஐசாவுக்கு 15 வேலை நாட்களுக்குள் முடிய வேண்டும்.

எனக்கு முடியவில்லை. 12-ஆம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம் என் அப்பா. பழைய வங்கியில் அவர் பெயர் எனக்கு முன்னால், பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிந்த புதிய இடத்தில் பின்னால். இரண்டு வேறு ஆட்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பாஸ்போர்ட்டோடு பழைய கிளைக்குப் போய், எது என் பெயர், எது அப்பா பெயர் என்று விளக்கி, பெயரைத் திருத்தி, மறுபடி படிவம் கொடுத்தேன். இந்த முறை 11 நாளில் வந்துவிட்டது.

2025 டிசம்பர் 1 முதல் எஃப்எஸ்சிஎஸ் வரம்பை 1,20,000 ஆக்கிவிட்டார்கள். 90,000-ஐ அப்படியே விட்டிருந்தாலும் இன்று முழுசாகக் காப்புக்குள் இருந்திருக்கும். மனைவி இதை மாதம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டுகிறாள்.