பேரிஜம் ஏரிக்கு மூன்று காலைகள்

கொடைக்கானலில் இரண்டு இரவு தங்கத் திட்டமிட்ட நாங்கள் மூன்று இரவு தங்க நேர்ந்ததும், பேரிஜம் ஏரிக்குச் செல்லும் வழியிலுள்ள மோயர் பாயிண்ட் சோதனைச் சாவடியிலிருந்து இரண்டு முறை திரும்பி வந்ததும் ஒரே காரணத்தால் தொடங்கியவை. இ-பாஸ் என்பது மலை ஏறுவதற்கான சீட்டு மட்டுமே என்பதும், பேரிஜத்துக்கு வனத்துறையின் தனி அனுமதி வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாமல் போயிற்று. அப்பாவை அழைத்துக்கொண்டு போகிற எவரும் இந்த அலைச்சலைப் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. பெரியகுளத்துக்காரர். இளமையில் கும்பக்கரைப் பக்கமிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு நடந்தே ஏறியிருக்கிறார். ஆனால், எங்கள் ஊருக்குக் குடிநீர் தரும் பேரிஜம் ஏரியை மட்டும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கால் மூட்டு இன்னும் ஒத்துழைக்கும்போதே காட்டிவிட வேண்டும் என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம்.

இ-பாஸ் எடுப்பதில் சிரமம் ஏதும் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பாஸுக்கு, 2025 கோடையில் வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. ஆகவே முன்கூட்டியே வண்டி எண்ணைப் பதிந்து எடுத்துக்கொண்டோம். வத்தலக்குண்டு வழியாக எங்கள் காரிலேயே ஏறிவிட்டோம்.

தவறு விடுதியில் நேர்ந்தது. பேரிஜத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, அங்கிருந்தவர், "இ-பாஸ் இருக்குல்ல சார், அது போதும், சாவடியில காமிச்சிட்டுப் போயிடலாம்" என்று உறுதியாகச் சொன்னார். காட்டுச் சாலையில் எங்கள் கார் வேண்டாம் என்று சொல்லித் தனக்குத் தெரிந்த வாடகை வண்டி ஒன்றையும் அவரே அமர்த்திக் கொடுத்தார். நிதானமாகச் சிற்றுண்டி முடித்து, பேருந்து நிலையத்திலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள மோயர் பாயிண்டை அடைந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. சாவடியில் இருந்த காவலர் மரியாதையாகவே பேசினார்: ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வண்டிகளுக்கே அனுமதி, அன்றைய அனுமதி முடிந்துவிட்டது, இ-பாஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எங்களுக்குப் பின்னால் இரு சக்கர வாகனத்தில் வந்த இரண்டு இளைஞர்களையும் திருப்பி அனுப்பினார்கள். வண்டியைத் திருப்பும்போது அப்பா ஒன்றும் பேசாமல் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பாதி வாடகை போனதைவிட அதுதான் பெரிய இழப்பாகத் தோன்றியது.

வாடகை வண்டியின் ஓட்டுநர் பிறகுதான் ஓர் உண்மையைச் சொன்னார். ஏரிப் பக்கம் யானைகள் நடமாடுவதாக இரண்டு நாட்களாகவே ஓட்டுநர்களிடையே பேச்சு இருந்திருக்கிறது. யானை வந்தால் வழியை மூடிவிடுவார்கள். விடுதிக்காரருக்கும் இது தெரியும். முன்பணம் கைவிட்டுப் போய்விடும் என்பதற்காக அவர் எங்களிடம் அதை மறைத்துவிட்டார். இது தெரியாமல், மறுநாள் விடியற்காலையிலேயே கிளம்பியும் பயனில்லை. ஏரியருகே யானைக் கூட்டம் நிற்பதால் அன்று எவருக்கும் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதில் வனத்துறை மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. காடு யானைகளுடையது, மூடியதுதான் சரி. தெரிந்த செய்தியைச் சொல்லாமல், வயதான ஒருவரைக் குளிரில் எழுப்பி அழைத்துவர வைத்ததுதான் மன்னிக்க முடியாதது. அன்று தூண் பாறைக்குப் போனோம். மூடுபனியில் பாறையே தெரியவில்லை.

அடுத்த நாளும் தங்குவதா, இறங்கிவிடுவதா என்று அன்று பிற்பகல் வெகுநேரம் பேசினோம். அப்பா, "வேணாம்மா, காசு வீணாப் போகுது" என்றார். அவர் அப்படிச் சொன்னதால்தான் தங்குவது என்று நான் முடிவு செய்தேன். இந்த முறை விடுதிக்காரரிடம் எதையும் கேட்கவில்லை. வழி திறந்திருக்கிறதா என்பதை முந்தின மாலையே சாவடிக்குச் சென்று நேரில் விசாரித்துக்கொண்டோம். நான்கைந்து ஆண்டுகளாக அந்தச் சாலையில் ஓட்டும் அந்த ஓட்டுநரையே நேரடியாக அமர்த்திக்கொண்டோம். வண்டி எண், பயணிகளின் எண்ணிக்கை, அடையாள அட்டை ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, காலையில் முதல் சில வண்டிகளில் ஒன்றாக நின்று அனுமதிச் சீட்டை வாங்கியபோது, தேர்வில் தேறிய மகிழ்ச்சி எனக்கு.

ஞெகிழிப் பொருட்களை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்தின் தண்ணீர்ப் பாட்டில்களையும் நொறுக்குத் தீனிப் பொட்டலங்களையும் இறக்கி வைக்கச் சொல்லிவிட்டார்கள், குழந்தைகள் அழுதன. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீரும், டப்பாவில் சாப்பாடும் எடுத்துப் போவது நல்லது, ஏனெனில் உள்ளே கடைகளை நம்பிப் போக முடியாது. பிற்பகல் மூன்று மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று எங்களிடம் சொன்னார்கள். பேரிஜத்தைத் தாண்டி மூணாறு வரை முன்பு சென்ற சாலை பல ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது; பழைய வரைபடத்தை நம்பி அந்தப் பக்கம் இறங்கிவிடலாம் என்று எவரும் திட்டமிட வேண்டாம், போன வழியேதான் திரும்ப வேண்டும்.

வழியில் தொப்பி தூக்கிப் பாறையிலும் மதிகெட்டான் சோலையருகிலும் சற்று நேரம் நின்றோம். ஏரியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கொடைக்கானல் நகர ஏரியைப் போலப் படகோ, சைக்கிளோ, கூட்டமோ இங்கே இல்லை. நீரும் சுற்றியுள்ள காடும் காற்றும் மட்டும்தான். அதைக் குடிநீராகக் காக்க வேண்டியிருப்பதால், தண்ணீரில் இறங்கவும் கூடாது. அப்பா கைத்தடியை ஊன்றி நெடுநேரம் நின்றுவிட்டு, "இம்புட்டு உசரத்துல இருந்தா நமக்குத் தண்ணி வருது?" என்று கேட்டார். ஊரில் குழாயடிச் சண்டைகளில் அம்மா விட்டுக்கொடுத்த குடங்களைப் பற்றியெல்லாம் அங்கேயே சொல்லத் தொடங்கிவிட்டார்.

திரும்பி வந்ததும், முதல் நாள் வாடகைக்கு வாங்கி வைத்திருந்த ரசீதைக் காட்டி, தவறான தகவல் தந்ததால் ஏற்பட்ட செலவு அது என்று விடுதிக்காரரிடம் கேட்டேன். முதலில் மறுத்தார். வரவேற்பறையில் மேலும் இரண்டு குடும்பங்கள் பேரிஜம் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தன. நான் அவர்களிடமே முழு விவரத்தையும் சொல்லத் தொடங்கியதும், பாதி வாடகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த இரண்டு குடும்பங்களும் அன்று மாலையே சாவடிக்குச் சென்று விசாரிக்கப் புறப்பட்டன.