சிஏ ஃபைனலுக்கு ஆண்டறிக்கை படித்த அனுபவம்

சிஏ (ஆடிட்டர் படிப்பு) ஃபைனலில் ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் பேப்பரில் முதல் தடவை எனக்கு 34 மதிப்பெண். 40 வேண்டும். ஸ்டாண்டர்டுகளை, அதாவது கணக்கை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் விதிகளை, இரண்டு முறை முழுதாகப் படித்திருந்தேன். ஆனாலும் ஒரு கம்பெனியின் நிலைமையைச் சொல்லி, இதை எப்படிக் காட்டுவீர்கள் என்று கேட்டால் பேனா நின்றுவிடும். அடுத்த தடவை தேறியதற்கு ஆண்டறிக்கைகளைப் படித்ததுதான் பெரிய காரணம் என்று நம்புகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வீட்டிலிருந்தே படிப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

இது ஆர்டிகிள்ஷிப்பில், அதாவது ஆடிட்டரிடம் பயிற்சி எடுக்கும் காலத்தில், தொடங்கியது. தினமும் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் பிடித்து ஓசூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போவேன். 2021-22 கணக்கு முடிக்கும் நேரம், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஆடிட் போனோம். வரவேண்டிய பாக்கியை வயது வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தின் ஷெட்யூல் 3 (கணக்கைக் காட்டும் படிவம்) திருத்தப்பட்ட முதல் வருடம் அது. ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருடம், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, அதற்கும் மேல் என்று ஐந்து கட்டம்.

அங்கே வந்த பணத்தையெல்லாம் பில்லோடு சேர்க்காமல் 'ஆன் அக்கவுண்ட்' என்று வரவு வைத்திருந்தார்கள். மொத்த பாக்கி தெரியும். எந்த பில்லுக்கு எந்தப் பணம் என்று தெரியாது. அக்கவுண்டன்ட் அண்ணாவும் நானும் பேங்க் ஸ்டேட்மென்டை வைத்துக்கொண்டு நான்கு நாள் பில் பில்லாக ஒட்டினோம். ஒரு பெரிய வாடிக்கையாளரின் 14 லட்சம் மூன்றாவது வருடக் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. முதலாளி நம்பவில்லை. "அவங்க மாசா மாசம் பணம் அனுப்புறாங்களேம்மா?" என்றார். அனுப்பியது உண்மைதான், எல்லாம் புது பில்லுக்கு. தரம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிய பழைய சரக்கின் பில்லை யாரும் பேசித் தீர்க்கவே இல்லை.

அந்தப் பட்டியல் வெளியில் இருப்பவர்களுக்காகக் கேட்கப்படுவது. ஆனால் அதைத் தயாரித்ததால்தான் முதலாளிக்கே தன் பணம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தது. இண்ட் ஏஎஸ் 109 என்ற ஸ்டாண்டர்டில் வரும் எதிர்பார்க்கும் கடன் நட்டக் கணக்கு (பாக்கியில் எவ்வளவு வராமல் போகலாம் என்று முன்கூட்டியே ஒதுக்குவது) எனக்கு அன்றுதான் புரிந்தது. பாக்கிக்கு வயது ஏற ஏற ஒதுக்கீட்டு சதவீதமும் ஏன் ஏறுகிறது என்று அப்புறம் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முதலீட்டாளர் பக்கத்தைக் காட்டியவர் என் சித்தப்பா. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறார். யாரோ சொன்னார்கள் என்று ஒரு கம்பெனிப் பங்கை வாங்கிவிட்டு, "நல்லதா பாரும்மா" என்றார். அறிக்கையை இறக்கிப் பார்த்தேன். மூன்று வருடமாக லாபம் ஏறுகிறது, வியாபாரத்தில் கிடைத்த ரொக்கமோ மைனஸில். பாக்கிக் குறிப்பில் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட தொகை இரட்டிப்பாகியிருந்தது. எப்படி விளக்குவது என்று யோசிப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "கூழ் ஆலைக்குக் காய் போட்டாச்சு, பில்லும் குடுத்தாச்சு, காசு மட்டும் வரல. அதானே?" அதேதான். லாபத்துக்கும் ரொக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

இரண்டாவது தடவைக்குப் படிக்கும்போது ஒவ்வொரு ஸ்டாண்டர்டுக்கும் ஒரு உண்மையான குறிப்பைத் தேடிப் படித்தேன். டைட்டன் அறிக்கையை எடுத்தால் பதிவு அலுவலகம் ஓசூர் சிப்காட் என்று இருக்கும். அதன் கடன்கள் பக்கத்தில் தங்கக் கடன் என்று தனி வரி ஒன்று வரும். நமக்குத் தெரிந்த நகைக் கடனில் தங்கத்தை வைத்துப் பணம் வாங்குவோம். இங்கே கம்பெனி வங்கியிடம் தங்கத்தையே கடனாக வாங்குகிறது. இது ஏன் தனியாக நிற்கிறது, விலை ஏறி இறங்கினால் என்ன ஆகும் என்று குறிப்புகளில் தேடிப் போனதில், எனக்கு மிகவும் பயமாக இருந்த ஹெட்ஜிங் (விலை மாற்றத்தால் வரும் நட்டத்துக்குத் தடுப்பு ஏற்பாடு) பாடம் பாதி முடிந்துவிட்டது.

படிக்கும் வரிசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வழவழப்பான முதல் பக்கங்களையும் தலைவர் உரையையும் கடைசிக்கு வைத்துவிடுங்கள். முதலில் ஆடிட்டர் அறிக்கை. லிஸ்டட் கம்பெனி (பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது) என்றால் முக்கியத் தணிக்கை விஷயங்கள் என்ற பகுதி அதில் இருக்கும். ஆடிட்டர் எங்கே அதிகம் மெனக்கெட்டார் என்று தெரியும். அப்புறம் ரொக்க ஓட்டம். அதற்குப் பிறகு பாக்கி, தொடர்புடையவர்களுடனான பரிவர்த்தனை, கோர்ட்டில் நிற்கும் வரி வழக்குகள்.

அச்சில் இருப்பதாலேயே எல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சத்யம் என்ற ஐடி கம்பெனி கணக்கில் காட்டிய 5,000 கோடிக்கு மேற்பட்ட ரொக்கம் இல்லவே இல்லை என்பது 2009 ஜனவரியில் அதன் தலைவரே எழுதிய கடிதத்தில்தான் வெளிவந்தது. அதனால் வங்கி இருப்பைப் பார்த்ததும், அதற்கு வந்த வட்டி எவ்வளவு என்று வேறொரு குறிப்பில் தேடிப் பொருத்திப் பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது.

இதற்குப் பைசா செலவில்லை. கம்பெனியின் இணையதளத்திலோ பிஎஸ்இ, என்எஸ்இ பங்குச் சந்தைகளின் தளங்களிலோ இலவசமாகக் கிடைக்கும். மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனிகள் பெரும்பாலும் செப்டம்பருக்குள் பொதுக்கூட்டம் நடத்திவிட வேண்டும் என்பதால், அதற்கு முன்பே புது அறிக்கைகள் வந்துவிடும். ஒன்றை மட்டும் எடுங்கள். பாக்கி வயதுப் பட்டியலைத் திறந்து, ஒரு தாளில் இந்த வருட எண்ணையும் போன வருட எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் உங்கள் கையாலேயே எழுதிப் பாருங்கள்.