மைக்குக்கு முதுகு எங்கே இருக்கிறது

பத்தாவது பரீட்சை முடிந்த லீவில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னை, பெங்களூர் அல்சூர் பஜார் பக்கம் இருந்த ஒரு மைக் செட் கடையில் அப்பா கொண்டுபோய் விட்டார். 1994. லீவு முடிகிற வரைக்கும் இருக்கட்டும் என்றுதான் விட்டார். முப்பது வருடம் தாண்டிவிட்டது, இன்னும் ஒயர் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடைக்காரர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பில் புத்தகத்தில் இங்கிலீஷ் என்று பெங்களூர்த் தமிழர்களின் வழக்கமான வாழ்க்கை. நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கடைச் சுவரில் காந்தி கூட்டத்தில் பேசுகிற பழைய படம் ஒன்று மாட்டியிருக்கும். தேசபக்தி என்று நினைத்திருந்தேன். ஒருநாள் தூசி தட்டும்போது அவரே சொன்னார், "காந்திய பாக்காதடா, முன்னால இருக்கற மைக்க பாரு." மைக்கில் சிகாகோ ரேடியோ என்று பேர்ப்பலகை. பேர்தான் சிகாகோ, கம்பெனி மும்பைக்காரரான நானிக் மோட்வானேயுடையது. சுதந்திரத்துக்கு முன்னால் காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டியவர்கள் அவர்கள். லட்சம் பேர் கூடிய இடத்தில் காந்தியின் மெல்லிய குரல் எப்படிக் கேட்டிருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. யாரோ ஒருத்தன் ஒயர் இழுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

முதல் பாடம் அந்த ஆடி மாதமே வந்தது. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் திருவிழா. கம்பத்தில் நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டி, அகுஜா ஆம்ப்ளிஃபயரைத் திண்ணையில் வைத்து உட்கார்ந்திருந்தேன். பூசாரி மைக்கோடு நடந்துகொண்டே பேசுகிறவர். ஒரு குழாய்க்கு முதுகைக் காட்டி நின்றதும் மைக் ஊளையிட ஆரம்பித்தது. குழாயில் வருகிற சத்தம் மைக்குக்குள் போய், ஆம்ப்ளிஃபயர் வழியாகப் பெரிதாகி, திரும்பவும் குழாயில் வந்து, திரும்பவும் மைக்கில் புகுந்து சுற்றிக்கொண்டே இருப்பதுதான் அந்த ஊளை. நான் சவுண்டைக் குறைக்கப் போனேன். அண்ணன் என் கையைத் தட்டிவிட்டுவிட்டு நேராகப் போய், "சாமி, இப்படி பாத்து நில்லுங்க" என்று பூசாரியைத் தோளைப் பிடித்துத் திருப்பி அந்தக் குழாயைப் பார்த்தபடியே நிறுத்தினார். ஊளை அடங்கிவிட்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. குழாய்க்கு எதிரில் நின்றால் இன்னும் அல்லவா கத்த வேண்டும்? "பூசாரி மூஞ்சியப் பாக்காத. மைக்குக்கு முதுகு எங்க இருக்குன்னு பாரு" என்றார். மைக்கின் முகம் பூசாரியின் வாயைப் பார்க்கிறது, அப்படியென்றால் அதன் முதுகு பூசாரி பார்க்கிற திசையில் இருக்கிறது. பூசாரி குழாயைப் பார்த்தால் மைக் குழாய்க்கு முதுகைக் காட்டும். அன்றைக்கு ராத்திரி கடையில் ஒரு மைக்கை ஸ்டாண்டில் மாட்டி, பேசிக்கொண்டே அதைச் சுற்றி வரும்படி என்னிடம் சொன்னார். முன்னால் கணீரென்று இருந்த குரல் பக்கவாட்டில் மெலிந்து, நேர் பின்னால் போனதும் ஏதோ பக்கத்து வீட்டில் இருந்து வருவதுபோல ஆகிவிட்டது.

ஏன் என்பது எனக்குப் புரிய இன்னும் சில வருடம் பிடித்தது. மைக்கின் தலைக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. முன்னால் இருந்து வரும் ஒலி அதன் முன்பக்கம் முட்டுகிறது. சவ்வுக்குப் பின்னாலும் துளைகள் வைத்திருக்கிறார்கள். பின்னால் இருந்து வருகிற ஒலி அந்தத் துளை வழியாகவும் நுழையும், தலையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமும் வரும். துளை வழியாகப் போவது கொஞ்சம் தாமதமாகும்படி உள்ளே வழி அமைத்திருப்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் சவ்வின் இரண்டு பக்கமும் போய்ச் சேரும். இரண்டு பக்கமும் ஒரே அளவு தள்ளினால் சவ்வு எந்தப் பக்கம் அசையும்? அசையாது. மைக் பின்பக்கம் செவிடு என்றால் அது குறை இல்லை, வேண்டுமென்றே மெனக்கெட்டுச் செய்து வைத்த செவிடு. கேட்கிற பரப்பை வரைந்தால் இதயம் மாதிரி வரும் என்பதால் கார்டியாய்டு என்று பேர்.

இது தெரிந்தபிறகு ஆர்கெஸ்ட்ரா பாடகர்கள் மைக்கின் வலைப்பந்தைக் கையால் பொத்திப் பிடிப்பதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஸ்டைலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பின்துளைகளுக்கு ஒலி போகிற வழி பந்தின் கீழ்ப்பாதிதான், அதை மூடிவிட்டால் மைக்குக்கு முதுகே இல்லாமல் போய்விடும், நாலா பக்கமும் கேட்க ஆரம்பிக்கும், பாடகருக்கே அவர் குரல் கேட்பதற்காகக் காலடியில் வைத்திருக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் உட்பட. "அண்ணா, பந்த விட்டுட்டு கீழ பிடிங்க" என்று மேடைக்குக் கீழே இருந்து சைகை காட்டியே என் பாதி ஆயுள் போய்விட்டது. ஷூர் எஸ்.எம்.58 என்று ஒரு மைக் இருக்கிறது, 1966-ல் வந்தது, இன்றைக்கும் எந்த மேடையிலும் அதுதான். எஸ்.எம். என்றால் ஸ்டுடியோ மைக்ரோபோனாம், பேர் வாங்கியதென்னவோ மேடையில். அதைக் கீழே போட்டிருக்கிறேன், மழையில் நனைத்திருக்கிறேன், பாயசம் கொட்டித் துடைத்திருக்கிறேன். ஆனால் பந்தைப் பொத்தினால் அதுவும் கத்தும்.

நான் செய்த கூத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நவம்பர் மாதம் பெங்களூரில் கர்நாடக மாநிலம் உருவான நாளுக்காகத் தெருவுக்குத் தெரு ராஜ்யோத்சவ ஆர்கெஸ்ட்ரா நடக்கும், சவுண்டு வேலைக்கு அதுதான் எங்களுக்கு அறுவடைக் காலம். ஒரு மேடைக்கு எங்கள் மைக் பத்தாமல் வாடகைக்கு எடுத்தேன். வந்தது சூப்பர் கார்டியாய்டு. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். நான் பழக்க தோஷத்தில் மானிட்டரை நேர் பின்னால் வைத்தேன். அந்த வகை மைக் பக்கவாட்டை நன்றாகவே வெட்டும், ஆனால் நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். அதன் செவிடு இருப்பது முகத்தில் இருந்து சுமார் 125 டிகிரி திரும்பினால் வருகிற இரண்டு ஓரங்களில். மானிட்டரை இடமும் வலமுமாகப் பிரித்து வைத்திருக்க வேண்டும். முதல் பாட்டு பல்லவியிலேயே ஊளை. பாடகி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஈக்வலைசரில் எந்த ஃப்ரீக்வென்சி கத்துகிறது என்று தேடித்தேடி வெட்டி, கடைசியில் அந்த அம்மாவின் குரலே மூக்கடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஸ்பீக்கரை நாலடி நகர்த்தியிருந்தால் முடிந்திருக்க வேண்டிய விஷயம். பத்து மணிக்கு போலீஸ் வந்து நிறுத்தச் சொன்னபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது, பண்டிகைக்கு வருடத்தில் 15 நாள் வரை நள்ளிரவு பன்னிரண்டு மணி வரைக்கும் சலுகை கொடுக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. எங்களுக்கு அன்றைக்குச் சலுகை இல்லை. நல்லவேளை.

கச்சேரி வேலை வேறு உலகம். சாமராஜ்பேட்டையில் கோட்டை ஹைஸ்கூல் மைதானத்தில் ராமநவமிக்குப் பந்தல் போட்டு 1939-ல் இருந்து கச்சேரி நடத்திக்கொண்டு வருகிறார்கள். நான் அங்கே போவது ரசிகனாகத்தான், ஆனால் கண் என்னவோ பாடுகிறவர்களை விட்டு மைக்கிடமே போகும். மிருதங்கத்தின் தொப்பிக்கு, அதாவது இடது பக்கத்துக்கு, எத்தனை விரற்கடை தள்ளி வைத்திருக்கிறார்கள்? ரொம்ப நெருக்கினால் இந்த வகை மைக்குகள் கீழ்ச் சத்தத்தைத் தூக்கிக் காட்டும், கும்கி என்கிற தாழ்ந்த நாதம் எல்லாம் குமுகுமுவென்று ஒன்றாகிவிடும். பாடகர் வயலின் பக்கம் திரும்பி தலையாட்டிக்கொண்டே ஒரு சங்கதி போட்டால் அந்தச் சங்கதி மைக்குக்குப் போகாது, முன் வரிசைக்கு மட்டும்தான். வித்வான்களிடம் மைக்கைப் பார்த்துப் பாடுங்கள் என்று சொல்ல முடியுமா? மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்து, அவர் திரும்பினாலும் அகப்படுகிற மாதிரி விட்டு, அதனால் உள்ளே வருகிற மற்ற சத்தங்களைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இடையில் ஒரு எஃப்.எம். நிலையத்தில் இரண்டு வருடம் இருந்தேன். மேடையில் சத்தத்தோடு சண்டை, ஸ்டுடியோவில் அமைதியோடு சண்டை. ஏசி சத்தம், நாற்காலி கிறீச், காகிதம் புரட்டுவது, பேசுகிறவரின் வளையல், காலையில் சாப்பிடாமல் வந்தவரின் வயிறு. எல்லாம் கேட்கும். ஆகாசவாணி என்கிற பேரே இந்த மாநிலத்தில்தான் பிறந்தது, 1935-ல் மைசூரில் எம்.வி. கோபாலசாமி என்ற உளவியல் பேராசிரியர் தன் வீட்டில் தொடங்கிய நிலையத்தின் பேர் அது. வீட்டில் குக்கரும் காக்காயும் என்ன பாடு படுத்தியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். சரி, அந்தக் காலத்தில் குக்கர் இருந்திருக்காது, காக்காய் நிச்சயம் இருந்திருக்கும்.

அங்கே கவனித்த ஒரு விஷயம். கன்னடச் செய்தி வாசிக்கிறவர்கள் பாரத, பவிஷ்ய என்று முதலெழுத்தை மூச்சோடு அழுத்தி வாசிக்கும்போது வாயில் இருந்து வருகிற காற்று மைக்கில் டப் டப் என்று அடிக்கும். தமிழ் நிகழ்ச்சிக்கு வந்தவர்களின் ப அவ்வளவு ஊதாது. உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து இரண்டையும் சொல்லிப் பார்த்தால் தெரியும். அதற்காக மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கடைவாய்ப் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைப்போம், காற்று நேரே போய்விடும், குரல் மட்டும் மைக்குக்கு வரும். அண்ணன் மைக் டெஸ்டுக்கு ஒன் டூ த்ரீ சொல்ல விடமாட்டார். "பப்பாளிப் பழம் பத்து ரூபா, சீத்தாப்பழம் சும்மா" என்று சொல்ல வேண்டும். ப-வில் காற்றும் ச-வில் சீறலும் அதிலேயே தெரிந்துவிடும். திருவிழாக் கூட்டத்தில் உண்மையாகவே பழம் வாங்க வந்து நின்றவர்கள் உண்டு.

கிரிக்கெட் ஒளிபரப்பில் சில நாள் கூலிக்குப் போயிருக்கிறேன். எல்லைக் கயிற்றுக்கு வெளியே, முடி வைத்த உறை போட்ட நீள மைக்குகளை வரிசையாக நிறுத்துகிற வேலை. தொலைநோக்கி மாதிரி அது தூரத்துச் சத்தத்தை இழுத்து வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். அது எதையும் இழுப்பதில்லை. பக்கவாட்டில் வருவதைக் குழாயின் ஓரத்துத் துளைகளில் ஒன்றோடு ஒன்று மோதவிட்டுக் கழித்துவிடுகிறது, மிச்சம் இருப்பது முன்னால் இருப்பது. அவ்வளவு பெரிய குச்சியும் விலையும் கேட்காமல் இருப்பதற்கே.

இப்போது எனக்கு அதிகம் வருவது ஒயிட்ஃபீல்டு பக்கத்துக் கம்பெனி விழாக்கள். எல்லாம் சட்டையில் குத்துகிற சின்ன மைக். இந்த வகையில் பெரும்பாலானவற்றுக்கு முதுகே கிடையாது, நாலு பக்கமும் கேட்கும், தலை திரும்பினாலும் குரல் போகாமல் இருப்பதற்காக. பட்டுப்புடவை என்றால் மடிப்பு உரசும் சரசரப்பு, தாலிச்சங்கிலி மைக்கில் தட்டும் டிக் டிக். டேப்பை முக்கோணமாக மடித்து மைக்கை நடுவில் வைத்து ஒட்டி, துணியோடு சேர்த்து அசைய விட வேண்டும். பெண்களுக்கு என்றால் எங்கள் டீமில் இருக்கிற ஒரு பெண்ணைத்தான் அனுப்புவேன். பேட்டரி ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதுசு, மிச்சம் இருந்தாலும் மாற்றிவிடுவேன். எடுத்த பேட்டரி எல்லாம் வீட்டுக் கடிகாரத்துக்கும் பசங்க பொம்மைக்கும் போகும்.

இந்த மைக்கில் ஒரு தர்மசங்கடம். மேடைக்குப் போகிறதற்கு முன்னால் ஹெட்போனில் கேட்டுச் சரிபார்க்க வேண்டும், வெளியே ஸ்பீக்கரில் வராது, எனக்கு மட்டும் கேட்கும். மைக் குத்தின அஞ்சாவது நிமிடம் அது இருப்பதை மனுஷன் மறந்துவிடுவான். பாத்ரூம் போனவர்கள், சம்பளம் பேசினவர்கள், மேடையில் இருக்கிற ஆளைத் திட்டினவர்கள் எல்லாம் என் காதுக்குள் வந்து போயிருக்கிறார்கள்.

போன வருடம் ஒரு பெரிய கம்பெனி நிகழ்ச்சி. அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் பேச்சாளர், எல்லோரிடமும் இங்கிலீஷ், எங்களிடமும் இங்கிலீஷ். மேடைக்குப் போக பத்து நிமிடம் இருக்கும்போது ஹெட்போனைப் போட்டேன். அசல் திருநெல்வேலித் தமிழ். போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "மாத்திரை போட்டியா? ... இல்லம்மா, கை நடுங்குது. எழுதி வச்சதெல்லாம் மறந்த மாதிரி இருக்கு. நீ ஒரு தடவ முருகான்னு சொல்லு." என் பக்கத்தில் இருந்த பையன்கள் மணிப்பூர், ஹூப்ளி. அவர்கள் கேட்டிருந்தால் அது வெறும் லெவல், பச்சை விளக்கு மேலே போய் வருகிறது, சரியாக இருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேச்சு நன்றாகவே போனது, நாற்பது நிமிடம். முடித்துவிட்டு வந்தார். கோட்டின் உள்பக்கம் போகும் ஒயரை எடுக்க வேண்டும், வாயில் வந்துவிட்டது, "சார், கைய கொஞ்சம் தூக்குங்க."

தூக்கின கை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் இடுப்பில் இருந்த டிரான்ஸ்மிட்டரைப் பார்த்தார்.

"நீங்க தமிழா?"

"ஆமா சார், அல்சூர்."

"எல்லாம் கேட்டுச்சா?"

"மேடையில பேசினது கடைசி வரிசை வரைக்கும் நல்லா கேட்டுச்சு சார்."

ஒன்றும் சொல்லவில்லை. ஒயர் வெளியே வந்ததும் அவரே கிளிப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது, எடுத்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.